நோயைத் தவறாகக் கணித்தால்?

"புற்றுநோயை டாக்டர் கண்டுபிடிக்கத் தவறிவிட்டால் அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?" இந்தக் கேள்வி சில மாதங்களாக நம் சங்க அன்பர்களிடையே அடிக்கடி எழுந்து வருகிறது. சிலர் கோபத்துடன் கேட்கின்றனர். சிலர் கண்ணீருடன் கேட்கின்றனர். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் கோபமும் கண்ணீரும் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகமாட்டா. சட்டம் எதைத் தவறென்று கொள்கிறது, எதைக் கொள்ளவில்லை, ஒரு குடும்பம் தன் உரிமையை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். நான் வைத்தியனும் அல்லன், வக்கீலும் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் பழகும் குமாஸ்தா. ஆயினும் இவ்விஷயத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் கோப்பிலேயே அடங்கியிருக்கின்றன என்று கண்டமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

இருவகைப் பிழைகள்

புற்றுநோய்க் கணிப்பில் நேரும் பிழை இருவகைப்படும். நோய் இருக்க, இல்லை என்று கூறுவது ஒன்று. நோய் இல்லாதிருக்க, உண்டு என்று கூறுவது மற்றொன்று.

முதல் வகையே நம் நாட்டில் மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணிப்புப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 14.6 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டிருக்கிறது. இந்நோய் தொடக்கத்தில் வேறு நோயின் வேடத்தில் வருகிறது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று எண்ணி மருந்து கொடுத்துவிடுவது எளிது. அது பெருங்குடற் புற்றாகவும் இருக்கலாம். வாயிற் புண் ஆறாமல் வாரக்கணக்கில் நிற்கும்போது பல்லின் உராய்வு என்று விட்டுவிடுவதும் உண்டு. இவற்றினும் பரவலானது நுரையீரற் புற்றைக் காசநோய் என்று கொள்வது. இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகிய குறிகள் இரண்டு நோய்க்கும் பொது. மார்பின் எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் ஒரே விதமான நிழலாகத் தோன்றக்கூடும். காசநோய் மலிந்த நாட்டில் டாக்டரின் மனம் முதலில் காசநோயை நாடுவது இயல்பே. ஆனால் சளியில் கிருமி காணப்படாமல், மருந்துக்கும் நோய் பணியாமல் மாதங்கள் கழியும்போது, "இது வேறாக இருக்குமோ?" என்று ஐயுறாமல் அதே மருந்தைத் தொடர்வது இயல்பு என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது.

இரண்டாம் வகைப் பிழைக்கு 2019-ல் கேரளத்தில் வெளிவந்த நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு. மார்பிற் கட்டியுடன் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்மணியின் திசு இரண்டு இடங்களுக்குப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. ஒன்று கல்லூரியின் சொந்தப் பரிசோதனைச் சாலை. மற்றொன்று வெளியில் உள்ள தனியார் சாலை. தனியார் முடிவு முதலில் வந்தது, புற்றுநோய் என்றது. கல்லூரியின் முடிவு வருமுன்பே கீமோதெரபி மருந்து ஏற்றப்பட்டது. பின்னர் வந்த கல்லூரி முடிவு புற்று இல்லை என்றது. திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்தில் பார்த்தபோதும் இல்லை என்றே தெரிந்தது. அதற்குள் அந்த அம்மையார் மருந்தின் கொடுமையை அனுபவித்துவிட்டார். மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இரண்டாவது தாளுக்காகச் சில நாள் பொறுத்திருந்தால் இந்த வேதனை நேர்ந்திராது.

சட்டம் கேட்கும் கேள்வி

டாக்டரின் கணிப்புத் தவறினால் அதுவே குற்றம் என்று நம்மவர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 1957-ல் இங்கிலாந்தில் அளிக்கப்பட்ட தீர்ப்பு ஒன்று, அதே துறையில் பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று சரியென ஏற்கும் முறைப்படி நடந்த டாக்டரைக் கவனக்குறைவுடையவர் என்று கூற இயலாது என்றது. நம் சுப்ரீம் கோர்ட்டும் அந்த அளவுகோலைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1968-ல், கால் முறிந்து புனேயில் உயிரிழந்த ஓர் இளைஞரின் வழக்கில், டாக்டருக்கு உரிய கடமைகள் மூன்று என்று அந்நீதிமன்றம் வகுத்தது. நோயாளியை ஏற்பதா என்று முடிவு செய்வதில் கவனம். எந்தச் சிகிச்சை என்று தீர்மானிப்பதில் கவனம். அச்சிகிச்சையை நடத்துவதில் கவனம். நோயைக் குணப்படுத்தியே தீரவேண்டும் என்பது இம்மூன்றில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை நன்கு விளங்கும். ஹைதராபாத்தில் 2002-ல் ஒரு பெண்மணி குளிர்காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு இருந்தது மலேரியா. கொடுக்கப்பட்டதோ டைஃபாய்டு சிகிச்சை. அவர் இறந்தார். மாவட்ட மன்றம் அவர் கணவருக்கு 2 இலட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கியது; மேலிருந்த இரண்டு ஆணையங்கள் அதனை மறுத்தன; 2010-ல் சுப்ரீம் கோர்ட் மாவட்ட மன்றத்தின் முடிவையே நிலைநாட்டியது. எல்லா வழக்கிலும் நிபுணரின் அபிப்பிராயம் கட்டாயம் என்பதில்லை, தவறு வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் அது தேவையில்லை என்றும் கூறியது. 2019-ல் தீர்ந்த மற்றொரு வழக்கு ஜயப்பூரில் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணியைப் பற்றியது. முன்பே புற்றுநோய் முதலிய பல பிணிகளால் நலிந்திருந்த அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் நிலைமை முற்றி இறந்தார். அங்கே சுப்ரீம் கோர்ட் கணவரின் கோரிக்கையை ஏற்கவில்லை. கணிப்புப் பிழைபட்டிருக்கலாம், ஆனால் அது கவனக்குறைவு ஆகாது என்பதே அதன் கருத்து.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? "டாக்டர் சொன்னது தவறா?" என்று சட்டம் கேட்பதில்லை. "சொல்வதற்குமுன் செய்யவேண்டியதைச் செய்தாரா?" என்றே கேட்கிறது. கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, ஊசியால் திசு எடுத்துச் சோதித்து, அதன் பின்னும் பிழை நேர்ந்தால் அது மனித அறிவின் எல்லை. தொட்டும் பார்க்காமல் கொழுப்புக்கட்டி என்று அனுப்பிவிட்டால், அல்லது "புற்று எனச் சந்தேகம்" என்று எழுதிவந்த பரிசோதனைத் தாளை யாரும் பிரித்தே பார்க்காமல் வைத்துவிட்டால், அது கவனக்குறைவு.

தாமதத்தால் விளைந்தது என்ன?

கவனக்குறைவை நிரூபித்துவிட்டாலும் இரண்டாவது படி ஒன்று இருக்கிறது. அந்தக் கவனக்குறைவினால்தான் தீங்கு விளைந்தது என்று காட்டவேண்டும். புற்றுநோய் வழக்கில் இதுவே செங்குத்தான படி. "முன்பே கண்டுபிடித்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார்" என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

இங்கிலாந்தில் 1994-ல் ஒருவர் தம் அக்குளில் தோன்றிய கட்டியை டாக்டரிடம் காட்டினார். கொழுப்புத் திசு, கவலை வேண்டாம் என்றார் டாக்டர். அது நிணநீர்ப் புற்று என்று பிறகு தெரிந்தது. டாக்டரின் கவனக்குறைவால் சிகிச்சை சுமார் 9 மாதம் பிந்தியது என்றும், நோயாளி பிழைத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 42-லிருந்து 25 ஆகக் குறைந்தது என்றும் நீதிபதி கண்டார். ஆயினும் 2005-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவரில் மூவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டனர். தொடக்கத்திலேயே வாய்ப்புப் பாதிக்கும் குறைவாக இருந்ததால், டாக்டரின் பிழைதான் அதனைப் பறித்தது என்று கூற முடியாது என்பது அவர்கள் முடிவு. மற்ற இருவர் இதனை ஒப்பவில்லை. இத்தீர்ப்பு நம் நாட்டு ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கடினம் எங்கே இருக்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை. முதன்முதல் டாக்டரிடம் சென்ற நாளில் நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது, கண்டுபிடித்த நாளில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று காட்டும் படங்களும் தாள்களும் இல்லாமல் இப்படியில் ஏற இயலாது.

கோப்பில்லாத குடும்பம்

நம் பணிமனைத் தோழர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். இருமலுடன் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். படத்தில் நிழல் இருக்கிறது என்று காசநோய் மருந்து தொடங்கினர். சளியில் கிருமி இல்லை என்று இருமுறை எழுதிவந்தது. ஆறு மாதம் மருந்து தின்றும் அவர் மெலிந்துகொண்டே போனார். பின்பு மும்பைக்குப் போய்த் திசு எடுத்துப் பார்த்தபோது நுரையீரற் புற்று என்று தெரிந்தது. அறுத்தெடுக்கும் நிலை அப்போது கடந்துவிட்டிருந்தது. அவ்வாண்டிறுதிக்குள் அவர் காலமானார்.

அவர் மனைவியார் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பிள்ளைகளுடன் ஊருக்குச் சென்றார். மூன்றாண்டு கழித்துக் குடும்ப ஓய்வூதிய வேலையாக இங்கு வந்தபோதுதான், "முன்பே பார்த்திருந்தால் அவர் இருந்திருப்பாரா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அவரிடம் எஞ்சியிருந்தது ஓர் எக்ஸ்ரே உறையும் மூன்று மருந்துச் சீட்டுகளும். சளிப் பரிசோதனைத் தாள் இரண்டும் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டன. அவர் வழக்கு வென்றிருக்குமா என்று நான் கூற இயலாது. அது தொடங்கப்படவே இல்லை என்பதுதான் வருத்தம்.

இது அவர் குடும்பத்துக்கு மட்டும் உரிய கதை அன்று. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் நம் போன்றோர் அனைவருக்கும் நேரக்கூடியது. ஆதலால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

காலமும் இடமும்

நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டுக் காலமே உண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். மன்னித்தே ஆகவேண்டும் என்பதில்லை. தவறு மறைந்திருந்து பின்னர் வெளிப்பட்டால், அது தெரிந்த நாளிலிருந்து, அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து காலம் கணக்கிடப்படும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. ஆனால் அதே வழக்கில், 1993-ல் ரண சிகிச்சை செய்துகொண்டு, ஒன்பதாண்டு வலியைப் பொறுத்திருந்து, 2002-ல் வயிற்றினுள் துணி இருந்ததைக் கண்ட பெண்மணியின் முறையீடு காலம் கடந்ததென்று தள்ளப்பட்டது. அவர் மருத்துவமனையில் பணிபுரிந்த நர்ஸ். முன்பே விசாரித்திருக்கலாம் என்றனர் நீதிபதிகள். பொறுமை எல்லா இடத்திலும் குணமாகாது.

வெளியூரில் வாழும் நமக்கு ஆறுதலான மாறுதல் ஒன்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. இச்சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. முறையிடுவோர் தாம் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்தை அணுகலாம். மும்பையில் சிகிச்சை பெற்றவர் நாகபுரியிலிருந்தோ, ஊர் திரும்பியபின் திருநெல்வேலியிலிருந்தோ முறையிடலாம். நோயாளி இறந்துபோனால் வாரிசுகள் முறையிடலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையம். அதற்குமேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேற்பட்டால் தேசிய ஆணையம். செலுத்திய தொகை 5 இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை.

எல்லா மருத்துவமனைகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையா? 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை கூறியது. பணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை உட்பட்டது. சிலரிடம் பணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் முறையிடலாம். எல்லாருக்கும் முற்றும் இலவசமாகச் செய்யும் இடம் மட்டும் உட்படாது. அங்கே நேர்ந்த தவறுக்குச் சிவில் கோர்ட்டில்தான் வழக்கிட வேண்டும். ரயில்வே அன்பர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்க. ரயில்வே மருத்துவமனையில் நாம் பணம் கொடுப்பதில்லை. எனினும் அது இலவசம் அன்று. நம் உத்தியோக நிபந்தனையின் ஒரு பகுதியாகிய உரிமை. மத்திய ரயில்வே ஊழியர் ஒருவர் தம் மனைவியின் மரணம் குறித்துத் தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இவ்வாறே கூறி, அவர் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று தீர்த்திருக்கிறது.

கோபத்தில் போலீசுக்கு ஓடுவதால் பயன் குறைவு. மிகக் கொடிய அசட்டை இருந்தாலன்றி டாக்டர்மீது குற்ற வழக்கு நில்லாது என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் வரையறுத்தது. நடத்தை தவறிய டாக்டரைப் பற்றி மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். அது பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக்கூடும். ஆனால் நஷ்டஈடு தராது.

பெருந்தொகையை எதிர்பார்த்து வழக்கில் இறங்குவதும் தகாது. கல்கத்தாவில் 1998-ல் சிகிச்சை பெற்று உயிரிழந்த ஒரு பெண்மணிக்காக 2013-ல் சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் வழங்கப்பட்டது உண்மை. அது புற்றுநோய் வழக்கன்று. வழக்காடிய கணவர் தாமே ஒரு டாக்டர். முடிவு காண 15 ஆண்டு ஆயிற்று. ஹைதராபாத்துக் கணவர் பெற்றதோ 2 இலட்சம். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்தல் நன்று.

வீட்டில் ஒரு கோப்பு

உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவருடைய பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தரவேண்டும் என்றும் 2002-ம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவது நலம். சிகிச்சைச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல் பரிசோதனைத் தாள், படம், பில், ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்க வேண்டும்.

புற்றுநோய்க்கு இன்னும் ஒன்று முக்கியம். உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகுக்கட்டியில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றிப் பார்த்துத்தான் முடிவு கூறுகின்றனர். தாளில் இருப்பது ஒருவருடைய கருத்து. மெழுகுக்கட்டியில் இருப்பதே மூல சாட்சி. அதனை வேறொரு நிபுணர் மீண்டும் சீவிப் பார்க்கலாம். ஆகவே கீமோதெரபி தொடங்குமுன்போ, உறுப்பை நீக்குமுன்போ ஸ்லைடையும் மெழுகுக்கட்டியையும் கேட்டுப் பெற்று, பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மறுபார்வை பெறுவது அறிவுடைமை. 1941 முதல் மும்பையில் நடந்துவரும் டாட்டா நினைவு மருத்துவமனை வெளியூர்த் திசுக்களையும் பார்த்துக் கருத்துக் கூறுகிறது. இவ்வாறு கேட்பதால் முதல் டாக்டரை அவமதித்ததாகாது. நல்ல டாக்டர்கள் தாமே இதனைச் சொல்கின்றனர்.

சிகிச்சைக்காக வெளியூர் செல்லும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனையின் உரிய படிவச் சான்றின்பேரில், இரண்டாம் வகுப்புப் படுக்கை வண்டியிலும் குளிர்சாதன மூன்றடுக்கு வண்டியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்பவருக்கு இவ்விரண்டிலும் நூற்றுக்கு 75 சலுகை. அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்வோரை நான் பார்த்துவருகிறேன்.

மொழியால் நேரும் இடர்

தவறு எப்போதும் டாக்டரிடத்திலிருந்தே தொடங்குவதில்லை. மராத்தியும் இந்தியும் அரைகுறையாகத் தெரிந்த தாயார், தமக்கு மூன்று மாதமாக இருப்பதை "சில நாளாக" என்று சொல்லிவிடுகிறார். பெண்களுக்குரிய உபாதையைப் பத்து வயதுப் பேரன் மொழிபெயர்க்கும்படி நேர்ந்தால் பாதி சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. கூட்டத்துக்கு நடுவே சில நிமிடமே நோயாளியைப் பார்க்கும் டாக்டர், கேட்டதை வைத்துத்தான் கணிக்க இயலும். மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறிய வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுபவனையும் ஓர் உறுப்பாகவே வைத்தார். வீட்டைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அந்த நான்காம் உறுப்பாகச் சங்கமே அமையவேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு உடன் சென்று மொழிபெயர்க்கக்கூடிய ஆடவர், பெண்டிர் சிலரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். நோய் தொடங்கிய தேதி, எடை குறைந்த அளவு, தின்ற மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அவர்கள் உதவலாம். அந்தத் தாள் டாக்டருக்கும் துணை. பிற்காலத்தில் வேண்டுமாயின் ஆணையத்துக்கும் சான்று. டாக்டரை நம்புவதும் தாளைப் பாதுகாப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பட்டியலை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்புத் தொடங்கப்படட்டும்.